அருங்காட்சியகத்துக்குத் திரை வாங்கும் முன்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். 1851இல் தொடங்கியது. ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள். அமராவதிச் சிற்பங்கள் ஓரிடம், செப்புத் திருமேனிகள் வேறிடம், கன்னிமாரா நூலகமும் மியூசியம் தியேட்டரும் பக்கத்திலேயே. வெள்ளிக்கிழமை விடுமுறை. இவ்வளவு பரந்த வளாகத்தின் வாசலில் ஒரு டிஜிட்டல் திரை வைத்தால், அதற்கு முதல் வேலை நடராசர் சுழலும் முப்பரிமாணப் படம் காட்டுவது அல்ல. "இன்று இந்தக் கூடம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறது, மற்றவை திறந்திருக்கின்றன" என்று வாசல் திறப்பதற்குள் சொல்வதுதான்.

அந்த வரியைத் தட்டச்சு செய்யப்போவது யார்? டிக்கெட் கவுண்டரில் இருப்பவரா, காப்பாட்சியரா, வெளியே இருக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளரா? இதற்குப் பதில் எழுதிவைக்காமல் திரையின் அங்குலத்தையும் பிராண்டையும் பேசத் தொடங்குகிற இடங்களில், ஓராண்டுக்குப் பிறகும் திறப்பு விழா வீடியோவே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வாங்குகிற வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் ஒவ்வொரு திரையும் என்ன சொல்லும், அதை யார் மாற்றுவார் என்பது. பிறகு அந்த ஆளுக்கு ஏற்ற மென்பொருள். அதன்பின் அதை ஓட்டும் பிளேயர், அதாவது திரையோடு இணைத்து உள்ளடக்கத்தைக் காட்டும் சிறு கணினிப் பெட்டி. திரை கடைசியில்.

ஒரு தாளில் ஒவ்வொரு திரைக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எங்கே, எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பார்கள், என்ன உள்ளடக்கம், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும். பத்துத் திரை கேட்டவர்கள் இதை எழுதி முடிக்கும்போது பெரும்பாலும் ஆறில் வந்து நிற்பார்கள். மாறவே மாறாத உள்ளடக்கத்துக்குத் திரை வேண்டாம், அச்சிட்ட பலகை போதும். குறிப்பாக வழிகாட்டிப் பலகைகள். "கழிப்பறை இடப்பக்கம்", "கற்சிற்பக் கூடம் நேராக" என்பவை மின்சாரம் போனாலும் தெரிய வேண்டியவை. அவசர வெளியேறும் வழிக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். இருளில் ஒளிரும் பலகையும் பேட்டரி விளக்கும் தனியாக இருந்தே ஆக வேண்டும், டிஜிட்டல் திரையை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மாறும் உள்ளடக்கத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். காட்சிப்பொருள் பற்றிய விளக்கங்கள் காப்பாட்சியர் ஒப்புதல் பெற்றுத்தான் வர வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அன்றாட அறிவிப்பு அப்படியில்லை. அதற்கு மூன்றே கட்டங்கள் உள்ள ஒரு வார்ப்பு (டெம்ப்ளேட்) போதும்: எந்தக் கூடம், என்ன நிலை, எத்தனை மணி வரை. எழுத்துரு, நிறம், இடம் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர் இந்த மூன்றையும் கைப்பேசியிலிருந்தே நிரப்பி, இரண்டு நிமிடத்தில் திரையில் பார்க்க முடியவில்லை என்றால் அந்த மென்பொருள் உங்களுக்கானது அல்ல, வேறு எத்தனை வசதி இருந்தாலும். பயனர்களுக்குத் தனித்தனி அதிகார நிலைகள் உண்டா, அறிவிப்புக்குத் தானாகக் காலாவதியாகும் நேரம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். காலாவதி நேரம் இல்லாவிட்டால் நேற்றைய "இன்று மூடப்பட்டுள்ளது" இன்றும் நிற்கும்.

தமிழ் எழுத்து உடையும் இடம்

விற்பவரின் மடிக்கணினியில் தமிழ் அழகாகத் தெரியும். அதை நம்ப வேண்டாம். பிளேயரில் என்ன தெரிகிறது என்பதுதான் கணக்கு. தமிழை எழுத்துக் குறியீடுகளின் வரிசையில் அப்படியே போட்டால் சரியாக வராது. "கெ" என்பதில் க முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ"வில் ஒரு குறியே இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது எழுத்துகளை வடிவமைக்கும் ஒரு தனி மென்பொருள் அடுக்கு. குரோமியம் உலாவியை உள்ளே வைத்து உரையைக் காட்டும் பிளேயர்களில் இது இருக்கிறது. சொந்தமாக உரை வரையும் மலிவான பிளேயர்களில், முக்கியமாக ஓடும் எழுத்துப் பட்டையில், பல நேரம் இருப்பதில்லை. அப்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி பக்கவாட்டில் தனியாக மிதக்கும், வெறும் இடத்தில் புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும்.

இதைச் சோதிக்க ஒரு வரி போதும்: "கொற்கை, கொடுமணல், பொருநை, கௌதமர், ஸ்ரீரங்கம், லக்ஷ்மி". இதைச் சாதாரண உரைப் பெட்டியில் ஒருமுறை, ஓடும் பட்டையில் ஒருமுறை, அறிவிப்பு வார்ப்பில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்றிலும் சரியாக வர வேண்டும். "தமிழுக்குப் படமாகச் செய்து போட்டுவிடலாம்" என்று விற்பவர் சொன்னால் கவனமாக இருங்கள். படமாகப் போட்டால் எழுத்து உடையாது, உண்மைதான். ஆனால் "இன்று மூடப்பட்டுள்ளது" என்று மாற்றக்கூட வடிவமைப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். முதலில் எழுதிவைத்த ஆள் யார் என்ற கேள்வி இங்கே வந்து அடிபட்டுப்போகிறது.

அடுத்த சிக்கல் பழைய கோப்புகள். அரசு அருங்காட்சியகங்களில் காட்சிப்பொருள் விளக்கங்கள் பல, வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், தமிழுக்கென்றே உருவாக்கிய டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன் சேர்ந்த கோப்புகள் அப்படியேதான் கிடக்கும். அவற்றை நேராக ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். மாற்றிகள் உண்டு, ஆனால் மாற்றிய பிறகும் மனிதக் கண் ஒருமுறை ஓட வேண்டும். "கௌதமர்" என்பது கொம்பும் ளகரமுமாகச் சேர்ந்து "கெளதமர்" ஆகியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும். பழைய கோப்பில் நடுவே இருந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். இந்த வேலைக்கு ஆளும் நாளும் ஒதுக்காமல் திட்ட அட்டவணை போடாதீர்கள்.

நொட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை மென்பொருளிலேயே ஏற்றி வையுங்கள். பிளேயரின் இயங்குதளத்தில் இருக்கும் எழுத்துருவை நம்பினால், அடுத்த அப்டேட்டில் அது மாறலாம். வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் "ழு", "ரூ" கீழ்வரியின் "கீ"யைத் தொடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "அகழ்வாராய்ச்சியாளர்களால்" என்பது குறுகிய கட்டத்தில் அடங்காது. சில மென்பொருள்கள் மெய்யை ஒரு வரியிலும் புள்ளியை அடுத்த வரியிலும் வெட்டிவிடும். கட்டத்தின் அகலத்துக்கு ஏற்ப வாக்கியத்தை எழுதுவதுதான் தீர்வு.

தமிழி எனப்படும் பழைய தமிழ் பிராமி எழுத்துகளைக் காட்ட வேண்டுமா? கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் "ஆதன்" என்ற பெயரை ஒவ்வொரு கோடாக வரைந்து காட்டுவது, ஒரு திரையால் செய்ய முடிந்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. அச்சுப் பலகையால் அது முடியாது. ஆனால் பிராமி எழுத்து யூனிகோடில் இருந்தாலும் பெரும்பாலான பிளேயர்களில் அதற்கு எழுத்துரு இருக்காது. வட்டெழுத்துக்கு யூனிகோடில் இடமே இல்லை. இவற்றை மட்டும் படமாக, பெரிதாக்கினாலும் சிதறாத எஸ்விஜி வடிவில் செய்துவையுங்கள். ஒருமுறை செய்தால் மாறாதவை என்பதால் இங்கே படம் தவறில்லை.

தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வருவது பற்றி ஒரு வார்த்தை. பார்வையாளர் திரையின் முன் எந்த நொடியில் வருவார் என்று நமக்குத் தெரியாது. அறிவிப்புத் திரையில் இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும், தமிழ் மேலே. விளக்கத் திரையில் மாறி மாறி வரலாம். அப்போது ஒரு பக்கத்தை நிதானமாக இரண்டு முறை உரக்கப் படிக்க ஆகும் நேரமே அந்தப் பக்கம் நிற்க வேண்டிய நேரம். பத்து நொடி என்று பொதுவாக வைத்துவிட்டால் தமிழ்ப் பக்கம் பாதியில் ஓடிவிடும்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு: 3 மீட்டர் தூரத்திலிருந்து நடந்துகொண்டே படிக்க வேண்டுமானால் "ப" என்ற எழுத்தின் உயரம் திரையில் 2.5 செ.மீ. இருக்கட்டும். மென்பொருளில் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, அளவுகோலைத் திரையில் வைத்து அளந்து பாருங்கள்.

வெளிச்சம்

விலைப்பட்டியலில் பெரிய எண்ணாகத் தெரிவது பிரகாசம். நிட் என்ற அலகில் சொல்வார்கள். வீட்டு டிவி 250 முதல் 350 வரை, கடைகளுக்கான திரை 350 முதல் 500, கூடத்துக் கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்துக்கு 700, தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு 2,500க்கும் மேல். நுழைவு மண்டபத்துக்கு இந்தக் கணக்கு சரி. காட்சிக்கூடத்துக்குள் இதுவே ஆபத்து.

துணி, தாள், ஓலைச்சுவடி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் வரம்பு 50 லக்ஸ். பொருளின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு அது. 55 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 0.83 சதுர மீட்டர். அதை 400 நிட்டில் முழு வெள்ளையாக ஓடவிட்டால், நேர் எதிரே 2 மீட்டரில் இருக்கும் பொருளின் மேல் ஏறத்தாழ 80 லக்ஸ் விழும். விளக்குகளையெல்லாம் அளந்து மங்கவைத்துவிட்டு, எதிரே ஒரு திரையை மாட்டி வரம்பைத் தாண்டிவிடுகிறோம். ஆகவே சுவடி, துணிக் கூடங்களில் திரை பொருளுக்கு நேர் எதிரே வேண்டாம். பின்னணி கறுப்பு, எழுத்து வெளிர் மஞ்சள். பிரகாசம் 100 நிட் அளவுக்கு இறங்க வேண்டும். சில திரைகள் அவ்வளவு கீழே இறங்காது, வாங்குமுன் கேளுங்கள். கடைசியில் ஒரு லக்ஸ் மீட்டரைப் பொருளின் முகத்தில் வைத்து அளந்துவிடுங்கள்.

கல், உலோகச் சிற்பங்களுக்கு ஒளியால் கேடு இல்லை. ஆனால் மங்கிய கூடத்தில் பளீரென்ற திரை கண்ணைக் கூசவைத்தால், பக்கத்தில் நிற்கும் சோழர் செப்புத் திருமேனி இருட்டில் மறைந்துவிடும். பார்வையாளர் அந்தத் திருமேனியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

பளபளப்பான கண்ணாடி முகப்புள்ள வீட்டு டிவியில் எதிர் ஜன்னல் அப்படியே பிரதிபலிக்கும். வணிகத் திரைகளின் விவரத்தாளில் "ஹேஸ்" என்று ஒரு சதவீதம் இருக்கும், முகப்பு பிரதிபலிப்பை எவ்வளவு கலைத்து மங்கவைக்கும் என்பதன் அளவு அது. 25க்கு மேல் இருப்பது நல்லது. செட்டிநாட்டுப் பாணியில் கட்டி 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் போல முற்றமும் தாழ்வாரமும் உள்ள கட்டடங்களில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சாய்வெயில் மதியம் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். நேர் வெயில் படும் எல்சிடி, சூடேறி நடுவில் கறுத்துப்போகும்.

மின்சாரம் போய் வந்தால்

பெரும்பாலான திரைகள் பழுதாகி அணைவதில்லை. கரண்ட் போய் வந்தபின் எழுந்திருக்காமல் கிடக்கின்றன. வீட்டு டிவி, மின்சாரம் திரும்பியதும் சிவப்பு விளக்கோடு உறங்கும். யாராவது ரிமோட்டைத் தேட வேண்டும். வணிகத் திரையில் "மின்சாரம் வந்ததும் இயங்கு" என்ற அமைப்பும், நெட்வொர்க் வழியாகவோ ஆர்எஸ்-232 என்ற கட்டுப்பாட்டு இணைப்பு வழியாகவோ ஆன் செய்யும் வழியும் உண்டு. வீட்டு டிவியைத் தவிர்க்க இந்த ஒரு காரணம் போதும். வணிகப் பயன்பாட்டில் அதன் வாரன்டி செல்லாது என்பதும், செங்குத்தாக மாட்டினால் வெப்பம் வெளியேறாது என்பதும் கூடுதல் காரணங்கள். அதேசமயம் 24 மணி நேரமும் ஓடும் வகைக்கு அதிகப் பணம் தர வேண்டாம். நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் திறக்கும் இடத்துக்கு 16 மணி நேர வகை தாராளம். ஓஎல்இடி வேண்டாம், நிலையான எழுத்து அதில் தழும்பாகப் படிந்துவிடும்.

பிளேயர் மேசைக் கணினி வகையைச் சேர்ந்த சிறு கணினி என்றால் பயாஸ் எனும் அதன் அடிப்படை அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி மாற்றிவைக்க வேண்டும். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிப் பலகை என்றால் இரண்டு பலவீனங்கள். ஒன்று, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடும். அதன் அமைப்புப் பட்டியலிலேயே இருக்கும் ஓவர்லே வசதியை இயக்கி, கார்டைப் படிக்க மட்டும் உரியதாக ஆக்கிவிட்டு, உள்ளடக்கத்தைத் தனி எஸ்எஸ்டியில் வையுங்கள். இரண்டாவது யாரும் எதிர்பார்க்காதது. நான்காம் தலைமுறை பையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இரவு முழுக்க அணைந்து காலையில் இணையமும் இல்லாமல் எழுந்தால், அதன் கடிகாரம் பழைய நேரத்திலிருந்தே தொடங்கும், "காலை 9.30க்குத் தொடங்கு" என்ற அட்டவணை ஓடாது. டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரப் பலகையைச் சேர்த்தால் தீர்ந்தது. ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அந்த ஐந்தாம் தலைமுறையில் எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கும் தனி வன்பொருள் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம், வீடியோக்களை எச்.265இல் தயாரியுங்கள்.

யுபிஎஸ்ஸைத் திரைக்குக் கொடுக்காமல் பிளேயருக்குக் கொடுங்கள். திரை 120 வாட் வாங்கும், பிளேயர் பத்து வாட்டுக்குள். இன்னும் நல்ல வழி, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் சுவிட்ச் ஒன்றை வைத்து எல்லா பிளேயர்களுக்கும் அதிலிருந்தே கொடுப்பது. அந்தச் சுவிட்சுக்கு ஒரே ஒரு யுபிஎஸ் போதும். பழைய கட்டடங்களின் தடித்த சுவரில் வைஃபை நம்பகமாக ஊடுருவாது என்பதால் எப்படியும் கேட்-6 கேபிள் இழுக்கத்தான் வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு 100 மீட்டர் வரம்பு. பிளேயரை மூடிய பெட்டியில் அடைத்தால் சித்திரை வெயிலில் சூடேறி நின்றுவிடும். காற்றுத்துளை வையுங்கள், ஆனால் நுண்வலை போட்டு மூடுங்கள்; பல்லியும் எறும்பும் சூடான மின்பலகையைத் தேடி வரும்.

திரைக்குள்ளேயே சில்லு உள்ள வகைகளும் உண்டு: சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் இயங்குதளங்களில் ஓடுபவை. கேபிள் குறையும், கெடக்கூடிய பாகம் குறையும். ஆனால் உள்ளிருக்கும் உலாவி சில ஆண்டுகளில் பழசாகிவிடும், திரை நன்றாக இருக்கும்போதே மென்பொருள் அதைக் கைவிடும். தனி பிளேயரை மாற்றுவது எளிது, எட்டுக்கு ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளவும் முடியும். இந்த ஊர் நிலைமைக்குத் தனி பிளேயரே மேல். சந்தையில் கிடைக்கும் மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அப்டேட் கேட்கும் பெட்டி ஒன்று மகிஷாசுரமர்த்தினி படத்தின் நடுவே வந்து உட்காரும்.

மாட்டும் வேலையில் ஒன்றே ஒன்று. சுண்ணாம்புக் காரை பூசிய பாரம்பரியச் சுவரில் துளையிடாதீர்கள். 55 அங்குலத் திரை 20 கிலோ அளவுக்கு வரும். பழைய காரையில் ஆங்கர் போல்ட் பிடிக்காது, பிடுங்கிக்கொண்டு வந்தால் சுவரின் சேதத்தைச் சரிசெய்ய முடியாது. தரையில் நிற்கும் எடையுள்ள தாங்கி போதும். தொடுதிரையானால் தொடும் இடங்கள் தரையிலிருந்து 40 முதல் 120 செ.மீ.க்குள் இருக்கட்டும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சிறுவர்களுக்கும் எட்டும்.

செலவும் டெண்டரும்

மென்பொருளில் மூன்று வழி. மாதச் சந்தா, ஒருமுறை உரிமம், திறமூலம். சந்தா வசதியானதுதான்; ஆனால் அடுத்த நிதியாண்டு ஒதுக்கீடு தாமதமானால் எல்லாத் திரையும் "உரிமம் முடிந்தது" என்று காட்டும். சந்தாதான் என்றால் ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே கட்டுங்கள். திறமூலத்தில், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் வகையில், ஸிபோ என்ற மென்பொருள் நன்கு பழுத்தது. அதன் சர்வரும், விண்டோஸ், லினக்ஸ் பிளேயர்களும் இலவசம், ஆண்ட்ராய்டு, டைசன், வெப்ஓஎஸ் பிளேயர்களுக்கு உரிமம் வாங்க வேண்டும். ராஸ்பெரி பைக்கு ஆந்தியாஸ் என்ற திறமூல மென்பொருள் எளிமையானது, நாலைந்து திரைக்குப் போதும். இலவசம் என்றாலும் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்தச் செலவை எழுதுங்கள்.

டெண்டரில் பிராண்டையும் மாடலையும் எழுதாமல் நடத்தையை எழுதுங்கள். "மின்சாரம் நின்று வந்தால் 3 நிமிடத்துக்குள், யார் கையும் படாமல், அன்றைய உள்ளடக்கம் ஓட வேண்டும். இணையம் 7 நாள் இல்லாவிட்டாலும் அட்டவணை பிசகக்கூடாது. மேலே சொன்ன தமிழ்ச் சோதனை வரி, தரப்போகும் அதே பிளேயரில் சரியாகத் தெரிய வேண்டும். நிர்வாகக் கடவுச்சொற்கள், வரைபடம், அமைப்புக் கோப்புகளின் நகல் அனைத்தும் அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும்." இப்படி எழுதினால் மிகக் குறைந்த விலை சொன்னவரே வந்தாலும் வேலை செய்யும் பொருளைத்தான் தர முடியும். விலைப்பட்டியல் திறக்கும் முன் நேர்முகச் செயல்விளக்கம் கட்டாயம் என்று சேருங்கள். ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் "பழுது சொன்ன எத்தனை மணி நேரத்தில்" என்பதும், உபரி பிளேயர் யாரிடம் இருக்கும் என்பதும் எண்ணாக இருக்க வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் தொடர்ந்து எட்டு நாள் ஓடவிடுங்கள். அந்த எட்டு நாளில் வார விடுமுறை கட்டாயம் வர வேண்டும், அன்று திரைகள் தாமாக அணைந்து மறுநாள் எழுகின்றனவா என்று தெரிய. ஒரு நாள் காலை, முன்னறிவிப்பு இல்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். இன்னொரு நாள் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு அதன்பின் மின்சாரத்தை அணையுங்கள்; இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் கடிகாரக் கோளாறு வெளிப்படும். மூன்றாவதாக, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் யாரும் இல்லாத நேரத்தில், கவுண்டரில் இருப்பவரிடம் "செப்புத் திருமேனிக் கூடம் மதியம் 2 மணி வரை மூடப்பட்டுள்ளது" என்ற வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். 2 மணிக்கு அது தானாக மறைகிறதா என்றும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.